வெல்வெட் உடுத்த யாருக்கு உரிமை? எலிசபெத் காலப் படங்களில் உடையும் இடமும்

1998ஆம் ஆண்டில், இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்தைக் களமாகக் கொண்ட இரண்டு படங்கள் சில மாத இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று சேகர் கபூர் இயக்கிய 'எலிசபெத்'; மற்றொன்று ஜான் மேடன் இயக்கிய 'ஷேக்ஸ்பியர் இன் லவ்'. இரண்டிலும் ஜோசப் ஃபைன்ஸ் நடித்தார். இரண்டிலும் ஜெஃப்ரி ரஷ்ஷும் நடித்தார். முதல் படத்தில் ஃபைன்ஸ் அரசியின் அன்புக்குரிய பிரபு ராபர்ட் டட்லியாகவும், இரண்டாவதில் கையுறை தைக்கும் தொழிலாளியின் மகனான வில்லியம் ஷேக்ஸ்பியராகவும் வருகிறார். ரஷ்ஷுக்கோ முதல் படத்தில் அரசியின் உளவு வலையைப் பின்னிய ஃபிரான்சிஸ் வால்சிங்கம் வேடம். இரண்டாவதில், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பாதங்களை நெருப்பில் காட்டிக்கொண்டு அலறும் நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் வேடம்.

இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்ப்பவருக்கு, உடை ஒரு கதாபாத்திரத்துக்கு என்ன செய்கிறது என்பதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே முகம், அதே அரசியின் ஆட்சி, அதே நகரம். ஆனால் கறை படியாத கறுப்பு அங்கியில் அசையாமல் நிற்கும் வால்சிங்கத்தைப் பார்த்தால் அரசவையே குரல் தாழ்த்துகிறது. பழுப்பேறிய பற்களும் கசங்கிய உடையுமாக ஓடித் திரியும் ஹென்ஸ்லோவைத் தெருவில் போகிறவன்கூட மதிப்பதில்லை. நடிகரின் திறமை பாதி வேலையைச் செய்கிறது என்றால், மீதிப் பாதியைத் தையற்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

எந்தக் காலத்துப் படத்திலும் உடை வர்க்கத்தைக் காட்டத்தான் செய்யும். எலிசபெத் காலத்தைப் பொறுத்தவரை விஷயம் அதைவிட ஒரு படி ஆழமானது. அந்தக் காலத்தில் துணியே சட்டப்படி ஒருவரின் தகுதியாக இருந்தது. யார் எந்தத் துணியை, எந்த நிறத்தில், உடம்பின் எந்தப் பகுதியில் உடுத்தலாம் என்பதை அரசாணை வரையறுத்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அழகுக்காக வைக்கப்பட்டவை என்று நாம் கடந்துபோகும் பல காட்சிகள் அத்துமீறல் காட்சிகளாகத் தெரியத் தொடங்கும்.

1574ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று கிரீனிச் அரண்மனையிலிருந்து எலிசபெத் வெளியிட்ட உடைக்கட்டுப்பாட்டு ஆணை இதற்கு மிகத் தெளிவான சான்று. ஊதா நிறப் பட்டும், பொன்னிழை நெய்த துணியும், சேபிள் என்னும் விலங்கின் மென்மயிர்த் தோலும் அரச குடும்பத்தாருக்கு உரியவை. டியூக், மார்க்விஸ், ஏர்ல் என்னும் உயர்படிப் பட்டங்கள் பெற்ற பிரபுக்கள் அவற்றைத் தம் உட்சட்டையிலும் அங்கியின் உள்துணியிலும் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். செந்நிற வெல்வெட் பிரபுக்களுக்கும் கார்ட்டர் என்னும் உயர்ந்த வீரப்பட்டம் பெற்றவர்களுக்கும். சாட்டின், டமாஸ்க் முதலிய பட்டு வகைகளை மேலங்கியாகப் போட்டுக்கொள்ள, பிறப்பால் தகுதி இல்லாதவருக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானமாவது இருக்க வேண்டும். பெண்களுக்கும் இதேபோல் கணவரின் தகுதியையும் வருமானத்தையும் ஒட்டி ஒரு பட்டியல் இருந்தது. வெளிநாட்டுத் துணிக்காகப் பணம் நாட்டைவிட்டுப் போகிறது, இளைஞர்கள் பகட்டு உடைக்காகக் கடன்பட்டுச் சொத்தை இழக்கிறார்கள் என்று ஆணை காரணம் சொன்னது. சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது: வணிகத்தில் பணம் சேர்த்தவன் பிரபுவைப் போல் உடுத்திக்கொண்டு தெருவில் வந்தால், எதிரே வருகிறவர் யாருக்குத் தொப்பியைக் கழற்றுவது?

ஆணை சரியாக நடைமுறைக்கு வரவில்லை என்பதற்கு, அதையே எலிசபெத் தம் ஆட்சியில் திரும்பத் திரும்ப வெளியிட வேண்டியிருந்தது என்பதே சான்று. பணம் இருந்தவர்கள் வாங்கினார்கள், உடுத்தினார்கள். சட்டம் ஒரு பக்கமும் கடைத்தெரு மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருந்த அந்த நிலைதான் இக்காலப் படங்களுக்குக் கிடைத்த நல்ல கச்சாப் பொருள்.

சட்டம் கண்டும் காணாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. அது நாடக மேடை. 1572ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகச் சென்று நடிப்பவர்கள் நாடோடிப் பிச்சைக்காரர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள், பிடிபட்டால் தண்டனை. அதனால்தான் அக்கால நாடகக் குழுக்கள் இன்னின்ன பிரபுவின் ஆட்கள் என்ற பெயரில் இயங்கின. சட்டத்தின் கண்ணில் வேலைக்காரன் அல்லது நாடோடி. மேடையில் ஏறிவிட்டால் வெல்வெட் உடுத்திய அரசன். அந்த வெல்வெட்டும் பெரும்பாலும் உண்மையானது. 1599இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி, பிரபுக்கள் இறக்கும்போது தம் உயர்ந்த உடைகளைப் பணியாளர்களுக்கு எழுதி வைத்துவிடுவார்கள் என்றும், அவற்றை உடுத்திக்கொள்ளப் பணியாளர்களின் தகுதி இடம் தராததால் நடிகர்களிடம் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார்கள் என்றும் எழுதி வைத்தார். ஒரு பிரபுவின் உடம்பில் இருந்த உடை, சில மாதங்கள் கழித்து, பிற்பகல் வெளிச்சத்தில், கையுறைத் தொழிலாளியின் மகன் எழுதிய வசனத்தைப் பேசும் ஒரு நடிகரின் உடம்பில் இருக்கும்.

அதன் விலை என்ன என்பதற்கு ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகமே இருக்கிறது. 1603இல் ஒரு புதிய நாடகத்தை எழுதித் தந்ததற்காக தாமஸ் ஹெய்வுட் என்ற ஆசிரியருக்குக் கிடைத்தது 6 பவுண்டு. அதே நாடகத்தில் நாயகி வேடத்துக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்று வாங்கிய செலவு 6 பவுண்டு 13 ஷில்லிங். எழுதியவரைவிட உடைக்கு விலை அதிகம். அந்தக் கவுனை அணிந்து நடித்ததும் ஒரு பையன்தான். பெண்கள் மேடையேற இடமில்லாத காலம் அது. பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் கட்டிய பையன்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது.

'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தின் கதை 1593இல் நடக்கிறது. அதன் உடைகளை வடிவமைத்தவர் சாண்டி பவல். அந்தப் பணிக்காக அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அதே விருதுக்கு அதே ஆண்டில் 'எலிசபெத்' படத்தின் உடை வடிவமைப்பாளர் அலெக்சாண்ட்ரா பர்னும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார் என்பது நம் ஒப்பீட்டுக்குப் பொருத்தமான தற்செயல். பவல் செய்த முக்கியமான முடிவு, ஷேக்ஸ்பியருக்குப் படத்தின் பெரும்பகுதியிலும் ஏறக்குறைய ஒரே டப்ளெட்டைக் கொடுத்தது. டப்ளெட் என்பது அக்கால ஆண்கள் சட்டைக்கு மேல் இறுக்கமாகப் போட்டுக்கொண்ட மேலுடை. ஷேக்ஸ்பியருடையது தோலால் ஆனது, உழைத்த தோல், கழுத்துப் பக்கம் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. விரல்களில் மைக்கறை. வசதி உள்ளவன் ஒரு நாளில் இரண்டு முறை உடை மாற்றுவான். இவனுக்கு மாற்ற இரண்டாவது உடை இல்லை என்பதை வசனம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

படத்தின் நாயகி வயோலா டி லெசெப்ஸ் பணக்கார வணிகரின் மகள். அவளை மணக்க வருகிற வெசெக்ஸ் பிரபுவுக்குப் பட்டம் உண்டு, கையில் காசு இல்லை. வணிகருக்குக் காசு உண்டு, பட்டம் இல்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவதுபோல், அவள் பிள்ளை பெறுவாளா, சொன்னபடி கேட்பாளா என்று இருவரும் பேசி முடிக்கிறார்கள். வெல்வெட் உடுத்தப் பிறந்தவனுக்கு அதை வாங்கப் பணம் வேண்டும். பணம் உள்ளவனுக்கு அதை உடுத்தும் உரிமை வேண்டும். 1574 ஆணையின் முரண்பாடு முழுவதும் இந்தக் கல்யாணப் பேச்சில் அடங்கிவிடுகிறது. வெசெக்ஸ் அந்த வரதட்சணையை வைத்து வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம் போடப் போகிறான் என்பது மட்டும் காலத்தால் இடிக்கும். அங்கே ஆங்கிலேயரின் நிலையான முதல் குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் ஏற்பட்டதே 1607இல்தான். படம் தெரிந்தேதான் இந்த விளையாட்டை ஆடுகிறது என்று நினைக்கிறேன்.

வயோலா நடிக்க ஆசைப்பட்டு, தாமஸ் கென்ட் என்ற பெயரில் பையன் வேடமிட்டு ஒத்திகைக்கு வருகிறாள். இங்கே அவள் ஆணாக மாறுவதோடு ஒரு படி கீழேயும் இறங்குகிறாள்; பணக்கார வீட்டுப் பெண், சட்டம் நாடோடி என்று எண்ணுகிற கூட்டத்தில் ஒருவனாகிறாள். அதன் பிறகு வரும் காட்சி ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மார்பை அழுத்தி மறைக்க அவள் சுற்றிக்கொண்டிருக்கும் நீண்ட துணிப்பட்டையின் நுனியை ஷேக்ஸ்பியர் பிடித்து இழுக்க, அவள் பம்பரம்போல் சுழன்று சுழன்று அவிழ்கிறாள். காதல் காட்சி என்று மட்டுமே நினைவில் தங்கும் இதில், அந்தக் கால உடையைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. எலிசபெத் காலத்துச் சீமாட்டியின் உடை ஒரே துண்டாகத் தைத்தது இல்லை. கைகள் தனி, அவற்றை நாடாவால் தோளில் கட்ட வேண்டும். முன்மடிப்புத் தனி, பாவாடை தனி, பாவாடையை விரித்து நிறுத்தும் வளையக்கூடான ஃபார்த்திங்கேல் தனி. எல்லாவற்றையும் குண்டூசிகள்தான் பிடித்து நிறுத்தின. இன்னொருவர் உதவி இல்லாமல் இதைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. தானாக உடுத்திக்கொள்ள முடியாத உடையை உடுத்துவதே வேலைக்காரி வைத்திருப்பதற்கான விளம்பரம். படத்தில் அந்த வேலையைச் செய்கிறவள் இமெல்டா ஸ்டான்டன் நடித்த செவிலித்தாய். பையனாக இருக்கும்போது அவசரத்தில் தானே போட்டுக்கொள்ளும் வயோலா, பெண்ணாக மாறும்போது இன்னொருத்தியின் கைகளுக்குள் நிற்கிறாள்.

அரசியாக ஜூடி டென்ச் படத்தில் தோன்றுவது பத்து நிமிடத்துக்கும் குறைவு. துணை நடிகைக்கான ஆஸ்கார் அவருக்குக் கிடைத்தது. அந்த நேரத்துக்குள் ஓர் ஆட்சியின் முழு எடையையும் காட்ட உடைதான் அவருக்குத் துணை. அவர் திரும்பும்போது தலை மட்டும் திரும்புவதில்லை. தோள், மார்பு, பாவாடை என்று கோபுரம் முழுதாகத் திரும்புகிறது. வெளியேறும் இடத்தில், கொட்டகை வாசலில் ஒரு சேற்றுக் குட்டை. அரசவையைச் சேர்ந்த வால்ட்டர் ராலே, அரசியின் கால் சேற்றில் படாமலிருக்கத் தன் மேலங்கியை விரித்தார் என்பது பழைய கதை. படத்திலோ பிரபுக்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு அவசரமாக மேலங்கிகளை எறிவதற்குள், அரசி சலிப்போடு குட்டையை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார். அந்த அங்கிகளின் விலையை அறிந்தவர்களுக்குத்தான் அந்தத் தயக்கத்தின் நகைச்சுவை முழுதாகப் பிடிபடும். அப்படிப்பட்ட ஒரு மேலங்கி ஒரு நாடகத்தின் விலையைவிடப் பல மடங்கு பெறும். (அரசி பொதுக் கொட்டகைக்கு வந்து நாடகம் பார்த்ததாக வரலாறு இல்லை, நடிகர்கள்தான் அரண்மனைக்குப் போனார்கள்.)

இனி இடம். அந்தக் கொட்டகையின் கட்டட அமைப்பே ஒரு வர்க்க ஏணி. ஒரு பென்னி கொடுத்தால் கூரையில்லாத முற்றத்தில் நின்று பார்க்கலாம். நம் ஊர்த் தரை டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள், உட்காரத் தரைகூடக் கிடைக்காது என்பதுதான் வேறுபாடு. இன்னொரு பென்னி கொடுத்தால் சுற்றியுள்ள மாடத்தில் உட்காரலாம். மூன்றாவது பென்னிக்கு மெத்தை. மழை வந்தால் நனைகிறவர் யார் என்பது வாசலிலேயே முடிவாகிவிடும். லாரன்ஸ் ஒலிவியர் 1944இல் எடுத்த 'ஐந்தாம் ஹென்றி' படம் 1600ஆம் ஆண்டு மே மாதத்தில், ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் கொட்டகையில்தான் தொடங்குகிறது. நாடகம் நடக்கும்போதே மழை பெய்து முற்றத்தில் நிற்பவர்கள் நனைவதை அது காட்டுகிறது. மேடைக்குப் பின்னால் பையன்கள் பெண்ணுடைக்கு மாறுவதும் அதில் உண்டு. இந்தக் காலத்துக் கொட்டகையைத் திரையில் கட்டிய பிற்காலத்தவர் அனைவருக்கும் அந்தப் பகுதி ஒரு முன்மாதிரி.

மேடனின் படக்குழுவுக்கு ஒலிவியருக்குக் கிடைக்காத ஓர் உதவி கிடைத்தது. 1587இல் ஹென்ஸ்லோ கட்டிய ரோஸ் கொட்டகையின் அடித்தளம் 1989இல் லண்டனின் சதக் பகுதியில், புதிய கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் வெளிப்பட்டது. வட்டம்போல் தோன்றும் பல பக்கச் சுவர், எதிர்பார்த்ததைவிடச் சிறிய மேடை, தரையெங்கும் ஹேசல்நட் கொட்டை ஓடுகள். கலை இயக்குநர் மார்ட்டின் சைல்ட்ஸ் அமைத்த ரோஸ் செட்டில் ஆட்கள் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நிற்கிறார்கள்; மாடங்கள் தலைக்கு மேலே தொங்குவதுபோல் நெருங்கி இருக்கின்றன. அந்த நெருக்கமே கருத்து. வேறெந்த இடத்திலும் ஒரே காற்றை மூச்சிழுக்க வாய்ப்பில்லாத வர்க்கங்கள் இங்கே சில கெஜ இடைவெளியில் நிற்கின்றன, ஆனால் வெவ்வேறு உயரத்தில். படப்பிடிப்பு முடிந்தபின் அந்த செட்டைப் பிரித்து ஜூடி டென்ச்சிடமே கொடுத்துவிட்டார்கள்.

வயோலாவின் வீடாக வருவது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பிராட்டன் கோட்டை. அகழி சூழ்ந்த கல் மாளிகை அது. படத்தில் ஷேக்ஸ்பியர் கீழே தோட்டத்து இருட்டிலும், வயோலா மேலே விளக்கு வெளிச்சத்திலும் நிற்கிறார்கள். அவன் ஏறுகிறான், விழுகிறான். மாடக் காட்சிகளில் காதலன் ஏறுவது உயரத்தை மட்டும் என்று நினைத்திருந்த பார்வையாளனுக்கு, அது வருமான வரம்பும் பிறப்பும் சேர்ந்து எழுப்பிய சுவர் என்பது இங்கே கண்ணெதிரே நிற்கிறது. அரண்மனைக் காட்சிக்குப் பயன்பட்ட மிடில் டெம்பிள் மண்டபம் வழக்கறிஞர்களின் சங்கத்துக்கு உரிய, எலிசபெத் காலத்திலேயே கட்டப்பட்ட இடம். ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஒன்று 1602 பிப்ரவரியில் உண்மையாகவே அங்கு நடிக்கப்பட்டது. செட்டுக்கு இருக்க முடியாத ஒரு நியாயம் அந்த மர உத்தரங்களுக்கு இருக்கிறது.

'எலிசபெத்' படம் இடத்தைக் கையாண்ட விதம் இதற்கு நேர் எதிர். அரசி வாழ்ந்த வைட்ஹால் அரண்மனை 1698இல் தீயில் அழிந்துவிட்டது. அக்கால அரண்மனைகளின் உள்ளறைகள் ஓக் பலகைச் சுவர்களும், அவற்றை மறைத்துத் தொங்கும் படத்திரைச் சீலைகளும், தாழ்ந்த மேற்கூரையும் கொண்டவை. சேகர் கபூரோ 1093இல் தொடங்கிக் கட்டப்பட்ட டர்ஹம் பேராலயத்தின் பருத்த கல் தூண்களுக்கு இடையில் அரசவையை நடத்தினார். முடிசூட்டு விழா யார்க் நகரப் பேராலயத்தில். வரலாற்றாசிரியர்கள் முகம் சுளித்தார்கள்; எனக்கென்னவோ அவர் செய்தது சரி என்றே படுகிறது. கேமரா பல இடங்களில் உச்சியிலிருந்து கீழே பார்க்கிறது. கல்லுக்கு நடுவில் மனிதர்கள் எறும்புகளாகத் தெரிகிறார்கள். இருபத்தைந்து வயதில் அரியணை ஏறிய ஒரு பெண் இந்த இடத்தில் சிறியவளாகத்தான் தெரிவாள். பிரபுக்கள் அவளைச் சுற்றி வளைப்பதற்கு வசனம் தேவைப்படவில்லை; தூண்களின் மறைவு போதும்.

அந்தச் சிறிய உருவத்தைத் துணி எப்படிப் பெரிதாக்குகிறது என்பதுதான் படத்தின் உள்கதை. தொடக்கத்தில் எலிசபெத் புல்வெளியில் அவிழ்ந்த கூந்தலும் மெல்லிய உடையுமாக நடனமாடுகிறாள். முடிசூட்டும் காட்சி, அரசியின் முடிசூட்டு ஓவியத்தை அப்படியே உயிர்ப்பிக்கிறது: பொன்னிழைத் துணி, எர்மின் மயிர்த்தோல், தோளில் விரிந்த கூந்தல். அவிழ்ந்த கூந்தல் கன்னிப்பெண்ணின் அடையாளம். இறுதியில் கூந்தல் வெட்டப்படுகிறது, முகத்தில் வெள்ளை ஈயப் பூச்சு ஏறுகிறது, வெள்ளை உடையில் சிலைபோல் நடந்து வருகிறாள்; அரசவை மண்டியிடுகிறது. இந்த முகமூடித் தோற்றம் உண்மையில் 1580, 90களின் ஓவியங்களுக்கு உரியது. படம் பல ஆண்டுகளைச் சுருக்கி அதை இளம் பெண்ணின் முகத்தில் ஏற்றிவிட்டது. காலவரிசைப்படி பிழை, ஆனால் டட்லியின் காதலி பொது உடைமையாகி, யாரும் தொட முடியாத உருவமாக ஆவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

வால்சிங்கத்தின் கறுப்புக்குத் திரும்பி வருகிறேன். இன்றைய பார்வையாளர் அதைச் சதிகாரனின் நிறமாக வாசிக்கிறார். படமும் அந்த வாசிப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. எலிசபெத் காலத்தவர் அதைப் பார்த்திருந்தால் முதலில் நினைத்திருப்பது, இவருக்கு எவ்வளவு பணம் என்பதாக இருக்கும். ஆழ்ந்த, வெளிறாத கறுப்புச் சாயம் ஏற்றுவது கடினம், செலவு மிக்கது. கறுப்பும் வெள்ளையும் அரசிக்கே விருப்பமான நிறங்கள். நீலத்துக்கு இதன் தலைகீழ்க் கதை. வேலையாட்களும் பயிற்சிப் பையன்களும் நீலக் கோட்டு அணிந்ததால், மரியாதைக்குரியவர்கள் நீலத்தை ஒதுக்கினார்கள். இன்று பட்டத்தரசிகளுக்குப் பளபளக்கும் நீலத்தை உடுத்திப் பார்க்கும் படங்கள், அந்தக் கால லண்டன்வாசிக்குச் சிரிப்பூட்டியிருக்கும்.

வெள்ளைக்கு வருவோம். கழுத்தைச் சுற்றி நிற்கும் ரஃப் என்ற மடிப்பு வளையம்தான் எலிசபெத் காலம் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் முதலில் வருவது. 1564இல் லண்டனுக்கு வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற ஃபிளெமிஷ் பெண், கஞ்சி போடும் வித்தையைக் கற்றுத்தர 4, 5 பவுண்டு வாங்கினார் என்பது பதிவு. கஞ்சி போட்ட வேட்டியின் விறைப்பை அறிந்த நமக்கு அந்த வெள்ளை வளையத்தின் செய்தி எளிதில் புரியும்: இதை அணிந்தவன் குனிந்து வேலை செய்கிறவன் இல்லை. ஒரு மழைக்கே தாங்காது. ஒவ்வொரு முறையும் துவைத்து, கஞ்சியில் தோய்த்து, சூடான கம்பியால் மடிப்பு மடிப்பாக அமைக்க வேண்டும். எத்தனை அகலமோ அத்தனை கைகள் பின்னணியில் உழைத்திருக்கின்றன. வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் அரசி முதல் இன்றைய கற்பனை உலகப் படங்களின் கொடுங்கோல் மகாராணிகள் வரை, தலைக்குப் பின்னால் விசிறிபோல் எழும் காலர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காலம் எதுவும் இல்லாத கற்பனை நாட்டிலும் அதிகாரம் என்றால் கழுத்து விறைத்திருக்க வேண்டும் என்பதைத் திரைப்படம் எலிசபெத்திடமிருந்து கற்றுக்கொண்டது.

உடை வடிவமைப்பாளர்கள் எங்கிருந்து கற்கிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அரசியின் முழு உடை ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஹியர்ஃபோர்டுஷயரில் பாக்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் பல நூற்றாண்டுகளாக இருந்த பலிபீடத் துணி, அவருடைய உடை ஒன்றிலிருந்து வெட்டப்பட்டதாக இப்போது கருதப்படுகிறது. வெள்ளியிழைத் துணி, அதில் செடிகளும் பூக்களும் பூச்சிகளும் நுண்மையான தையல் வேலையில். 2019இல் அது ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மற்றபடி வழிகாட்டி ஓவியங்கள்தான். ஓவியம் வரைந்துகொண்டவர்கள் பணக்காரர்கள். அவர்களும் தம் மிகச் சிறந்த உடையில் நின்றுதான் வரைந்துகொண்டார்கள். ஆகவே திரையில் பிரபுக்கள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஓவியத்துக்கு நிற்பதுபோல் உடுத்துகிறார்கள். வீடுகளின் கதியும் இதுவே. சாலி பாட்டரின் 'ஆர்லாண்டோ' (1992) படத்திலும் மற்றும் பலவற்றிலும் எலிசபெத் காலமாக வரும் ஹாட்ஃபீல்ட் மாளிகை, அரசி இறந்து எட்டு ஆண்டு கழித்து 1611இல் கட்டி முடிந்தது. அவர் சிறுவயதில் வாழ்ந்தது அதன் பக்கத்தில் இருந்த பழைய செங்கல் அரண்மனையில்.

ஏழைகள் பக்கம்தான் எனக்குத் தீராத குறை. அவர்களுக்கு ஓவியம் இல்லை. எனவே திரைப்படம் அவர்களுக்குச் சேற்று நிறத்தைக் கொடுத்துவிட்டது. புதிதாகத் தைத்த துணியைத் துருவியால் தேய்த்து, சாயத்தில் அமுக்கி, முழங்கை முழங்காலில் கிழித்துப் பழசாக்குவதற்கென்றே படக்குழுவில் ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டக் காட்சிகளில் நாம் காண்பது பெரும்பாலும் அவர்களின் கைவேலை. ஆனால் அக்காலச் சாதாரண மக்களின் உயில்களைப் பார்த்தால் சிவப்புப் பாவாடைகள் அடிக்கடி வருகின்றன. மஞ்சிட்டி இனச் செடியிலிருந்து சிவப்பு, வோட் செடியிலிருந்து நீலம், வெல்ட் செடியிலிருந்து மஞ்சள். கம்பளித் துணிக்கு இவை எட்டும் விலைச் சாயங்கள். ஏழைக்கு இல்லாதது பட்டும் ஆழ்ந்த கறுப்பும்தான், நிறம் இல்லாமல் இல்லை. பழுப்பு என்பது நாம் ஏழைமையைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தின் நிறம். இதைவிடத் துணிச்சலான வழியை அலெக்சாண்ட்ரா பர்ன் 2018இல் ஸ்காட்லாந்து அரசி மேரியைப் பற்றிய படத்தில் எடுத்தார். அரசிகளுக்கும் பிரபுக்களுக்கும் டெனிம் துணியிலேயே உடை தைத்தார். உழைப்பாளியின் துணியை அரண்மனைக்குள் கொண்டுவந்தது வரலாற்றுப்படி பெரும் பிழை. ஆனால் குதிரையேறி மழையில் நனைந்து வாழ்ந்த ஓர் அரசவையின் உடைகள் அதில் தேய்ந்து, வெளிறி, உண்மையாகவே உடுத்தியவைபோல் தெரிந்தன.

'ஷேக்ஸ்பியர் இன் லவ்' முடியும்போது அதன் நாயகனுக்கு அந்தத் தோல் டப்ளெட்டும் 50 பவுண்டும்தான் மிச்சம். உண்மையான ஷேக்ஸ்பியரின் கதை வேறு வழியில் போயிற்று. 1596இல் அவர் தந்தைக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. கையுறைக்காரர் குடும்பம் சட்டப்படி கனவான் குடும்பமாயிற்று. எலிசபெத்துக்குப் பின் ஜேம்ஸ் மன்னர் வந்தார். 1604இல் உடைக்கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மன்னரின் லண்டன் நகர்வலத்துக்காக அரச உடைக்கிடங்கிலிருந்து துணி பெற்றவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மன்னரின் நாடகக் குழுவினரின் பெயர்களில் முதல் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். எதிரே அளவு எழுதியிருக்கிறது: சிவப்புத் துணி, நாலரை கெஜம்.